முப்பத்தேழாம் எண் தாள்

என் ஆராய்ச்சியின் தலைப்பு இரண்டரை வரி நீளம். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளியொன்றில் பயிலும் வளரிளம் பருவ மாணவியரின் உடல்நல அறிவின் மீது திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயனை மதிப்பிடும் ஆய்வு.’ மூச்சு விடாமல் இதைச் சொல்லி முடிப்பவருக்கு அங்கேயே பட்டத்தைக் கொடுத்துவிடலாம். மீதி நூற்று இருபது பக்கத்தை எப்படியும் யாரும் படிக்கப் போவதில்லை. நான் பதினோரு வருடம் வார்டில் ஊசி போட்டவள். முதுகலைப் பட்டம் இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை ஊசிதான் என்றார்கள். படிப்பு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு செவிலியர் கல்லூரியில் வந்து சேர்ந்தேன்.

ஆராய்ச்சியின் முறை எளிமையானது. எட்டாம் வகுப்பு மாணவிகள் அறுபது பேருக்கு உடல்நலம் பற்றி இருபத்தைந்து கேள்விகள் கொடுக்க வேண்டும். இது முன் சோதனை. பிறகு மூன்று நாள் படம் காட்டிப் பாடம். முப்பதாம் நாள் அதே கேள்விகளை மறுபடி கொடுக்க வேண்டும். இது பின் சோதனை. இரண்டாவதில் மதிப்பெண் ஏறியிருந்தால் பாடம் பயன் தந்தது என்று பொருள். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஏறாது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி முழுக்கக் காலியாகிவிடும்.

என் வழிகாட்டிப் பேராசிரியைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘சராசரி’. காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டால்கூட, “சராசரியா எத்தனை டிகிரி?” என்று கேட்பவர். நோயாளியின் கட்டிலருகே அவர் போய்ப் பதினைந்து வருடம் இருக்கும். அதற்குப் பதிலாக நோயாளிகளைப் பற்றி நாற்பது கட்டுரைகள் எழுதியிருந்தார்.

பள்ளித் தலைமையாசிரியை என் அனுமதிக் கடிதத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். முதல் முறை ‘மதிப்பிற்குரிய’ என்பது இல்லை. இரண்டாம் முறை தேதி இடது பக்கம் இருந்தது. மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. நான்காம் முறை கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘பள்ளியின் நற்பெயருக்குக் குறைவு வராத வகையில் ஆராய்ச்சி செய்துகொள்ளலாம்.’ அதாவது முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முன் சோதனை நாளன்று வகுப்பில் நின்றுகொண்டு தெளிவாகச் சொன்னேன். “இது பரீட்சை இல்ல. மார்க் கிடையாது. பேர் எழுத வேண்டாம், நான் கொடுக்கிற நம்பர் மட்டும் போதும். நீங்க எழுதறத என்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டாங்க. மனசுல இருக்கிறத எழுதுங்க.”

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “மார்க் இல்லேன்னா எதுக்கு சிஸ்டர் எழுதணும்?”

வகுப்பு சிரித்தது.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் தாளையும் இரண்டாம் தாளையும் இணைத்துப் பார்க்க ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தேவை. புதிதாக எண் உண்டாக்கச் சோம்பல்பட்டு வருகைப் பதிவேட்டு எண்ணையே கொடுத்துவிட்டேன். இரகசியத்துக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கதவிலேயே தொங்க விட்ட மாதிரி.

கேள்விகளை ஒவ்வொன்றாக நானே உரக்கப் படித்து எழுத வைத்து, முக்கால் மணி நேரத்தில் அறுபது தாள்களையும் வாங்கிக் கட்டி ஆசிரியர் அறை மேசையில் வைத்தேன். அதற்குள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். பார்வையாளர் புத்தகத்தில் ‘பள்ளி மிகத் தூய்மையாக உள்ளது’ என்று எழுதித்தர வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வர ஒரு மணி நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் வகுப்பாசிரியை தாள்களை எல்லாம் திருத்தி முடித்திருந்தார். சிவப்பு மையில். ஒவ்வொரு பக்கத்திலும் சரி, தவறு, ஓரத்தில் கூட்டல், முதல் பக்கத்தில் வட்டம் போட்டு மொத்தம்.

“என்ன டீச்சர் இது!”

“நீங்க வர நேரமாச்சேன்னு நானே முடிச்சிட்டேன் சிஸ்டர். பரவால்ல, எனக்கென்ன சிரமம், கை பாட்டுக்குப் போகும்.” பேனாவை மூடி வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கெடுத்தார். “பருவ மதிப்பீட்டுக்கு ஒரு செயல்பாட்டு மார்க் போடணும்னு ரெண்டு மாசமா மேல இருந்து கேட்டுட்டே இருக்காங்க. இதையே ரெஜிஸ்தர்ல ஏத்திட்டேன். உங்களுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.”

“விடைத்தாளே நான் உங்களுக்குக் கொடுக்கலையே. எத வச்சுத் திருத்துனீங்க?”

“இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் சிஸ்டர். எனக்கு விடை தெரியாதா?”

தெரிந்துதான் இருந்தது, அவருடைய விடை. ‘உன் வயதில் எத்தனை மணி நேரத் தூக்கம் தேவை?’ என்ற கேள்விக்கு ஒன்பது என்று எழுதியவர்களுக்கெல்லாம் தவறு. ஆறு என்று எழுதிய மூன்று பேருக்குச் சரி, அதிலும் ஒருத்திக்கு ‘நன்று’. ‘உடலில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் யாரிடம் சொல்வாய்?’ என்பதற்கு மருத்துவர், அம்மா, செவிலியர் எல்லாம் தவறு. வகுப்பாசிரியை என்றால் மட்டும் சரி. அதையும் எழுதியவள் ஒரே ஒருத்தி. வகுப்புத் தலைவி.

தாள்களை அள்ளிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். சராசரி மேடம் நான்கைந்து தாள்களைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் துளிக் கலக்கமும் இல்லை.

“நம்ம விடைப்படி நீங்க திரும்பத் திருத்துங்க. சிவப்பு மை இருந்துச்சுன்னு ஆய்வேட்டுல எங்கயும் எழுத வேண்டாம்.”

“மேடம், யாரும் பார்க்க மாட்டாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேனே.”

“நீங்க பார்க்கக் காட்டலையேம்மா, அவங்களாப் பார்த்திருக்காங்க. அது வேற, இது வேற.” பிறகு ஒரு தாளை இரண்டு விரலால் தூக்கினார். “இது என்ன, பாதிக்குப் பாதி காலி? முப்பத்தேழு. இத எடுத்துடுங்க. இருபத்தஞ்சுக்கு நாலு வாங்கின ஒண்ணு இருந்தா சராசரியே சரிஞ்சிடும். பக்கத்து செக்‌ஷன்ல இருந்து நல்லா எழுதற பொண்ணு ஒண்ணப் போட்டுக்குங்க. அறுபது குறையக் கூடாது.”

நானும் தலையை ஆட்டினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பதினோரு வருடம் கட்டில்களுக்கு நடுவே நின்றவள், ஒரு பெண்பிள்ளையை எடுத்துவிட்டு இன்னொருத்தியைப் போடச் சொன்னதற்கு, பழுதான பல்பை மாற்றச் சொன்ன மாதிரி “சரி மேடம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதி அறையில் உட்கார்ந்து மறுபடி திருத்தினேன். முப்பத்தேழை ஓரமாகப் போட்டிருந்தேன். மற்ற ஐம்பத்தொன்பதும் முடிந்த பிறகு, காலிப் பக்கத்தில் கணக்குப் போடலாமே என்று அதை எடுத்தேன். அப்போதுதான் தாளைப் பார்த்தேன். அதுவரை மதிப்பெண்ணைத்தான் பார்த்திருந்தேன்.

காலி இடங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கவில்லை. கொத்துக் கொத்தாக இருந்தன. நான்காம் கேள்விக்குப் பாதி விடை. ‘கையைச் சோப்புப் போட்டுக் கழுவ’ என்பதோடு நின்று, அந்த இடத்திலிருந்து பேனா மெல்லிய கோடாக வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த மூன்று கேள்விகள் காலி. எட்டாம் கேள்விக்கு அழகான கையெழுத்தில் முழு விடை. பன்னிரண்டில் மறுபடி பாதிச் சொல், மறுபடி அதே கோடு, மறுபடி மூன்று காலி. இப்படி மொத்தம் நான்கு இடங்கள். தெரியாதவள் எழுதிய தாளாக அது இல்லை. எழுதிக்கொண்டிருந்தவளை நடுநடுவே யாரோ தூக்கிக்கொண்டு போய் மறுபடி கொண்டுவந்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. அரையும் முழுதுமாக எழுதியிருந்த பதின்மூன்று விடைகளில் என் கணக்குப்படி பதினொன்று சரி.

கடைசிக் கேள்வி, ‘உன் உடல்நிலை பற்றி யாரிடமும் கேட்காத சந்தேகம் ஏதேனும் உண்டா?’ மற்றப் பிள்ளைகள் ‘இல்லை’ என்று எழுதி முடித்திருந்தார்கள். முப்பத்தேழு எழுதியிருந்தது இது: ‘டீச்சர் ஒரு பாடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் வேறு எங்கோ போயிருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. எல்லோரும் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. இது எல்லோருக்கும் வருமா?’

பக்கத்தில் சிவப்பு மையில்: ‘கேள்விக்குப் பொருந்தாத விடை. வகுப்பில் கவனம் தேவை. 0.’

நரம்பியல் வார்டில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். விழுவதும் நுரை தள்ளுவதும் மட்டும் வலிப்பு இல்லை. பத்து விநாடி, பதினைந்து விநாடி, விழித்த கண் விழித்தபடி நினைவு மட்டும் அறுந்து, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும் வகை ஒன்று உண்டு. சில நேரம் அடுத்தடுத்தும் வரும், வருகிற பிள்ளைக்கே வந்தது தெரியாது. ஊரெல்லாம் திமிர் என்று சொல்லும். அந்த மேசையில் என்னுடைய இருபத்தைந்து கேள்விகளும் அவற்றை நம்பலாம் என்று சான்று சொல்லும் ‘நம்பகத்தன்மைக் குணகமும்’ கிடந்தன. அவை கண்டுபிடிக்காததை ஒரு பேனா வழுக்கிய கோடு கண்டுபிடித்திருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கு ஓடினேன். வகுப்பு வாசலில் முதலில் அகப்பட்ட பிள்ளையிடம், “முப்பத்தேழாம் நம்பர் யாரும்மா?” என்றேன்.

“சிலையா சிஸ்டர்? எச்.எம். ரூம்ல இருக்கா. அவங்க அம்மாவும் வந்திருக்காங்க. அவள ஈ செக்‌ஷனுக்கு மாத்தறாங்களாம்.”

“ஏன் சிலைன்னு கூப்பிடறீங்க?”

“அப்படியே நிப்பா சிஸ்டர். கூப்பிட்டா திரும்ப மாட்டா. அப்புறம் அவளே, ‘என்னடி?’ன்னு கேப்பா.” அந்தப் பிள்ளை கண்ணை நிலைகுத்திக் காட்டியது. வார்டில் பயிற்சி மாணவிகளுக்கு நான் பாடம் எடுத்தபோதுகூட இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை. அறுபது பேருக்கும் நோய்க்குறி தெரிந்திருந்தது. அதை வைத்துப் பட்டப் பெயர் சூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஈ பிரிவு என்றால் என்ன என்று அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். பொதுத்தேர்வில் தேர்ச்சி விழுக்காட்டைக் கெடுப்பார்கள் என்று கருதப்படும் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் அறை அது. அதில் விழுந்தவர்கள் பத்தாம் வகுப்பைப் பார்த்ததில்லை. அதற்குள் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அதுவும் தலைமையாசிரியை பேசுகிற பேச்சில்தான்.

அறைக்குள் நுழைந்தபோது அந்தப் பேச்சு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், வேலைக்குப் போகும் வழியில் வந்தவர் போலக் கையில் சாப்பாட்டுப் பை. பெண் சுவரோரமாக நின்றாள். மெலிந்த உருவம், இரட்டைச் சடை, அழுத்தமாகச் சீவிய வகிடு.

“எல்லாப் பாடத்துலயும் பார்டர்ல இருக்கா. இப்ப உடல்நலப் பரீட்சையில இருபத்தஞ்சுக்கு நாலு. பல் விளக்கறது, குளிக்கறது, இதுல கூடவா நாலு வாங்குவா ஒரு பொண்ணு?” என்றார் தலைமையாசிரியை.

“வீட்லயும் அப்படித்தாங்க மேடம்,” என்றார் அம்மா. “தண்ணி ஊத்துடின்னா டம்ளர் நிறைஞ்சு வழியறது தெரியாம நிப்பா. எத்தனை அடி வாங்கியும் திருந்தல. திமிரு.”

இந்தப் பேச்சில் எவ்வளவு அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததோ.

“மேடம், ஒரு நிமிஷம்,” என்றேன். “அது பரீட்சை இல்ல, என் ஆராய்ச்சித் தாள். அந்த மார்க் செல்லாது. இந்தப் பொண்ணு திமிர் பிடிச்சவளும் இல்ல. நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும்.” தாளை விரித்து அந்தக் கோடுகளைக் காட்டினேன். வலிப்பு என்ற சொல்லை அம்மாவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னேன். அவர் பை கையிலிருந்து நழுவியது.

தலைமையாசிரியை தாளைத் தொடக்கூட இல்லை. “நீங்க ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா, வைத்தியம் பண்ண வந்தீங்களா?”

“ரெண்டும் வேற வேறன்னு நெனச்சுதான் மேடம் நானும் வந்தேன்.”

“ரெஜிஸ்தர்ல மையில ஏறின மார்க்க அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஸ்கூல்ல அப்படி ஒரு வியாதி இருக்குன்னு வெளிய தெரிஞ்சா மத்தப் பெற்றோர் என்ன சொல்வாங்க? நாளைக்கு ஒண்ணுன்னா யார் பொறுப்பு?”

“நான் பொறுப்பு. எழுதித் தரேன்.”

இந்தச் சொல்லுக்கு அந்த அறையில் மதிப்பிருந்தது. அங்கேயே உட்கார்ந்து மூன்று பிரதி எழுதினேன். ‘மதிப்பிற்குரிய’ போட்டேன், தேதியை வலது பக்கம் எழுதினேன். மேற்படி மாணவியை மருத்துவரிடம் காட்டும் வரை, முப்பது நாள், பிரிவு மாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் நேரும் எதற்கும் நானே பொறுப்பு. முப்பதாம் நாள் பின் சோதனை. அதில் தேறினால் அதே பிரிவு, தேறாவிட்டால் ஈ பிரிவு என்று தலைமையாசிரியை தம் கையால் சேர்த்தார். என் கேள்வித்தாளைப் பரீட்சையாக்கியே தீருவது என்று அந்தப் பள்ளி முடிவெடுத்திருந்தது. வெளியே தாழ்வாரத்தில் அம்மா என் கையைப் பிடித்தார்.

“அடிச்சிருக்கேன் சிஸ்டர். போன வாரம் கூட.”

“இனிமே வேண்டாம்மா,” என்றேன்.

என் பழைய மருத்துவமனையிலேயே நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மருந்துச் சீட்டிலிருந்து ஒரு நீளத் துண்டைக் கிழித்துப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“ஊதும்மா. பேப்பர் பறக்கணும். நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் ஊதிட்டே இரு. எண்ணிக்கிட்டே ஊது.”

அவள் ஊதினாள். காகிதம் படபடத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் எண் சொன்னாள். ஒரு நிமிடம் ஆனது, ஒன்றரை ஆனது. அறுபத்திரண்டு என்று சொல்லிவிட்டு நின்றாள். காகிதம் தொங்கியது. கண் திறந்தபடி, இமை மட்டும் லேசாகத் துடிக்க, அறையில் இருந்த எங்களையெல்லாம் விட்டுவிட்டு அவள் எங்கோ போயிருந்தாள். அம்மா எழுந்து தொட வந்தார். மருத்துவர் கையைக் காட்டித் தடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினோரு விநாடி. பிறகு அவள், “அறுபத்து மூணு,” என்றாள்.

“நடுவுல என்னம்மா ஆச்சு?” என்றார் மருத்துவர்.

“நடுவுலயா? ஒண்ணும் ஆகலையே சார். ஊதிட்டுத்தானே இருக்கேன்?”

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூளை அலைச் சோதனையும் அதையே சொன்னது. காலை ஒன்று, மாலை ஒன்று மாத்திரை. தவறாமல் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும் என்றார் மருத்துவர். அடங்கியது.

முப்பதாம் நாள் பின் சோதனை. அந்தத் தடவை நான் தாள்களை விட்டு ஓரடி நகரவில்லை. பார்வையாளர் புத்தகத்தோடு ஓர் ஆயா வந்தார், உள்ளே விடவில்லை. முப்பத்தேழாம் எண் தாளில் இருபத்தைந்து விடையும் இருந்தன, ஒரு கோடு கூட இல்லை. இருபத்திரண்டு சரி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வகுப்பாசிரியை ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: “அன்னிக்கு நாலு மார்க் போட்டு அம்மாவ வரவழைச்சேன் பாருங்க, அதுக்கப்புறம்தான் புத்தி வந்திருக்கு. சிவப்பு மைக்கு ஒரு மரியாதை இருக்கு.” அவளை ஈ பிரிவுக்கு அனுப்பும் தாளைத் தலைமையாசிரியை கிழித்துப் போட்டார், தேர்ச்சி விழுக்காட்டில் ஒரு தலை கூடியதில் அவருக்கு மகிழ்ச்சி. பழைய நாலு மட்டும் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. மை அல்லவா?

எங்கள் சராசரி மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார். “முப்பத்தேழு! முன் சோதனை பதினொண்ணு, பின் சோதனை இருபத்திரண்டு. இரட்டிப்பு! இப்படி ஒண்ணு யாருக்குமே வரலையேம்மா. முன்னுரையிலேயே போடுங்க.”

“அவள எடுக்கச் சொன்னீங்களே மேடம்.”

“அப்ப எடுக்கச் சொன்னேன், இப்ப வைக்கச் சொல்றேன்.”

“அது என் பாடத்தால வரல மேடம். மாத்திரையால.”

“மாத்திரைய ஏம்மா இழுக்கறீங்க? நம்ம கருதுகோள்ல மாத்திரை எங்க இருக்கு?”

உண்மைதான், இல்லை. மூன்று நாள் நான் காட்டிய படங்களில் பாதி நேரம் அவள் அந்த அறையிலேயே இல்லை. மாத்திரை அப்போது வேலை செய்ய ஆரம்பிக்கவும் இல்லை. இரகசியம் என்று வாக்குக் கொடுத்து ஒரு முறை கெடுத்தாயிற்று. இப்போது அவள் நோயைக் காட்டி என் பாடத்துக்குப் பரிசு வாங்க எனக்கு மனம் வரவில்லை. மேடத்தோடு நான் சண்டை போடவில்லை, அவ்வளவு துணிச்சல்காரி இல்லை. ஐம்பத்தொன்பது பேர் என்று எழுதி, பக்கத்துப் பிரிவிலிருந்து யாரையும் போடாமல், ஒரு கீழ்க்குறிப்பு சேர்த்தேன்: ‘மாணவி ஒருவர் ஆய்வுக் காலத்தில் மருத்துவச் சிகிச்சை பெற்றதால் அவரது மதிப்பெண்கள் சேர்க்கப்படவில்லை. அவரது நிலையை இந்த வினாப்பட்டியலின் எந்தக் கேள்வியும் கண்டறியவில்லை. முன் சோதனைத் தாள்களை வகுப்பாசிரியை சிவப்பு மையில் திருத்தியிருந்தார்.’ அட்டவணையை ஒரு முறை பார்த்துவிட்டால் இறுதிப் பிரதியைப் படிக்கும் வழக்கம் மேடத்துக்கு இல்லை, கீழ்க்குறிப்பை நிச்சயமாக இல்லை. அப்படியே அச்சுக்குப் போயிற்று.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். “இந்தக் கீழ்க்குறிப்பு,” என்றார், “எழுத்து அளவு பத்து இருக்கணும். பன்னிரண்டு இருக்கு. கவனிக்கலையா?”

கவனிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். பட்டம் கிடைத்தது.

விதிப்படி ஆய்வேட்டின் ஒரு பிரதியைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியை அதை வாங்கி, எடை பார்ப்பது போலக் கையில் ஏந்தி, கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் முப்பத்தேழு நின்றிருந்தாள், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு. இப்போது முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

“மாத்திரை விடாம போடறியா?”

“போடறேன் சிஸ்டர். அம்மா ரெண்டு வேளையும் பக்கத்துலயே நிக்கிறாங்க.”

“இப்ப கிளாஸ் எப்படி இருக்கு? டீச்சர் சொல்றதெல்லாம் நடுவுல அறுந்து போகாம கேக்குதா?”

அவள் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சிவப்பு மையின் குரல் உச்சத்தில் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“ஒண்ணு விடாம முழுசாக் கேக்குது சிஸ்டர். இதுக்கு முன்னாடி இருந்ததே தேவலாம்.”